கப்பலுக்கும் ஒரு கவ்வாத்து

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், நான் உயர்தரம் படிக்கிற காலம்வரை எனக்கு அரை டிக்கட்தான் கிழித்தார்கள். வேறொருத்தி என்றால் வந்தவரை லாபம் என்று பேசாமல் இருந்திருப்பாள். நான் கொண்டக்டரைத் திரும்பக் கூப்பிட்டு முழு டிக்கட் வாங்குவேன். கூட வரும் நாட்களில் அம்மா என் விலாவில் இடிப்பாள். அவனே கொடுக்கிறான், உனக்கென்னடி இவ்வளவு கொழுப்பு என்று பல்லைக் கடிப்பாள். கொழுப்புத்தான். என்னைப் பாதி ஆள் என்று கணக்கு வைக்க அவன் யார்?

நான் குள்ளம். அதை எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அம்மாவும் குள்ளம், அம்மாவின் அக்கா தங்கைகளும் அதே அச்சு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு 'கடுகு வீடு' என்று பெயர். இப்போது நான் சொல்ல வந்தது, ரஷ்யாக்காரர்கள் தங்கள் விண்கலம் ஒன்றைத் திருத்திக் கட்டிய கதை. விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் கலம் அது. அதை என் உயரத்திலிருந்து தொடங்காமல் என்னால் சொல்ல முடியாது. அவர்கள் அதைத் திருத்தியதும் உயரத்தை வைத்துத்தான்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா மொனராகலையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். தேயிலையைச் செடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். விட்டால் அது மரம், வீட்டுக் கூரைக்கு மேலே போய்விடும். சில வருஷங்களுக்கு ஒரு தடவை ஆண்கள் கத்தியோடு மலைக்குப் போய், முழங்கால் அளவுக்கு அதை வெட்டித் தள்ளிவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் கவ்வாத்து. பிறகு துளிர்த்து வருவது, பறிக்கிற பெண்ணின் இடுப்புக்கு வந்து நிற்கும். அந்த மட்டம் குலையாமல் பறிப்பதற்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு மட்டக்குச்சி இருக்கும். அதைச் செடியின் மேல் கிடத்தி, குச்சிக்கு மேலே தலை நீட்டும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். கவ்வாத்து தள்ளிப்போன மலைகளில் செடி அம்மாவின் நெஞ்சுவரை வந்துவிடும். அங்கே வேலை விழுந்த வாரங்களில் அவளால் தலைக்குமேல் கையைத் தூக்கித் தலைசீவ முடியாது. நான்தான் சீவிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், வேலை விட்டு வந்த அம்மா இஸ்தோப்பில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். லயத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் முன்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச இடம்தான் எங்களுக்கு வரவேற்பறை, படிக்கிற அறை எல்லாம். அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளி, மினுங்காமல், பசறைப் பக்கமிருந்து மொனராகலைப் பக்கமாக நகர்ந்து போனது. வானொலியில் சொன்னார்களே, அந்த விண்வெளி நிலையம் இதுதான் என்று நான் கத்தினேன். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள் என்றேன்.

வேறு யாராவது என்றால் சும்மா கதை விடாதே என்றிருப்பார்கள். அம்மா நம்பினாள். நம்பியதும் வேலை செய்கிறவளாகக் கேள்வி கேட்டாள். எதிலே ஏறிப் போகிறார்கள், எத்தனை பேர் போகலாம், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெரட்டு எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது யார், வேலை முடிந்து வர வண்டி நிற்குமா இல்லை நடந்தா வர வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூன்று பேர் ஏறும் சின்னக் கப்பல், பெயர் சோயுஸ், போன கப்பல் அங்கேயே நிலையத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஏதாவது ஆபத்தென்றால் உடனே ஏறி இறங்கிவிடலாம். இதில் அம்மாவுக்குப் பெரிய திருப்தி. எங்கள் கொழுந்து லொறி மழை வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நிலையத்தை விட அந்தக் கப்பல் மேல்தான் பிரியம். வானொலியில் அறிவியல் சொல்லும் நேரத்தில் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவாள். நான் பதுளையில் பள்ளிக்கூட நூலகத்துப் பத்திரிகைகளில் மேய்ந்துவிட்டு வந்து சொல்வேன். உள்ளே கால் நீட்ட இடம் கிடையாது, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்க வேண்டும். ஒவ்வொருவர் முதுகையும் சாந்தில் அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சுக்கேற்ப அவருக்கென்று இருக்கையின் உள்வார்ப்பைச் செய்வார்கள். ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. அப்படியானால் அங்கே ஆளுக்கு மரியாதை இருக்கிறது என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வானொலியில் இன்னொன்றைக் கேட்டேன். ஐந்தடி நாலு அங்குலத்துக்குக் குறைந்தவர் அந்தக் கப்பலில் போக முடியாதாம். ரொம்ப உயரமானவரும் முடியாதாம். பயிற்சிக்கென்று ரஷ்யாவுக்கு வந்த விண்வெளி வீரர்களில் ஒருவருக்கு உயரம் கூடிவிட்டது, ஒருவருக்குக் குறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! முதுகுக்கு அச்செடுக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த இருக்கையைக் கொஞ்சம் மாற்றி வைக்கத் தெரியவில்லையா? படித்து, பறந்து, ஆயிரம் பேரில் ஒருவராய்த் தெரிவாகி வந்தவரை, வாசலில் நிறுத்தி அங்குலம் பார்ப்பதா? நான் இஸ்தோப்பில் நின்று ரஷ்யாக்காரர்களைத் திட்டினேன். பக்கத்துக் காம்பரா அக்கா, தன் புருஷன்தான் ஏதோ செய்துவிட்டாரோ என்று பயந்து எட்டிப்பார்த்தாள். அம்மா அமைதியாக, வண்டி அவர்களுடையது, அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்றாள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உயர்தரத்தில் உயிரியல் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி வரவில்லை. வீட்டில் வந்து உட்கார்ந்த இரண்டாவது வாரமே கங்காணி வந்தார். எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராக்காரர், கெட்ட மனிதர் இல்லை. பிள்ளை சும்மாதானே இருக்கிறது, செக்ரோலில் பேரைப் போட்டுவிடலாமே என்றார். செக்ரோலில் பேர் ஏறினால் தோட்டத்து ஆள். ஏறியவள் இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு ஆட்களைக் கேட்டிருந்தார்கள். என் பாடங்களும் புள்ளிகளும் அதற்குப் போதும். பிள்ளை நர்ஸாகப் போகப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்று அம்மா கங்காணியிடம் சொல்லிவிட்டாள். அவர் போனதும் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இந்தக் கூடை என்னோட போவட்டும் புள்ள. ஒந்தலையில ஏறக் கூடாது."

பயிற்சிக்கு நாலடி பத்து அங்குலம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. லயத்தில் எதை அளப்பதென்றாலும் மட்டக்குச்சிதான். கங்காணி எல்லோருக்கும் ஐந்தடிக்கு நறுக்கிக் கொடுப்பார். கட்டில் செய்ய, கல்யாணப் பந்தலுக்குக் கால் நட, செத்தவருக்குப் பாடை கட்டக்கூட யாராவது ஒருத்தியின் மட்டக்குச்சியைத்தான் கேட்டு வாங்குவார்கள். நாடாவைத் தேடிப் போக வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. அம்மா கூரை இறவாணத்தில் செருகியிருந்த குச்சியை உருவி, என் முதுகோடு நிமிர்த்திப் பிடித்தாள். உச்சந்தலைக்கு மேலே இரண்டு விரல்தான் மிச்சம். நாலடி பத்தரை! அடி ஆத்தி, எப்படி வளர்ந்தாய் என்று அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நானும் அன்று முழுக்க விறைப்பாக நடந்தேன்.

விண்ணப்பம் போய், நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த மாதங்களில்தான் அந்தச் செய்தி வந்தது. இரண்டாயிரத்து இரண்டின் கடைசி. ஞாயிறு பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். சோயுஸ் கப்பலைத் திருத்திக் கட்டிவிட்டார்கள். இருக்கைகளை நீளத்துக்கும் கட்டைக்கும் ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். காலடியில் இருந்த பெட்டி சட்டிகளை ஒதுக்கி இடம் எடுத்திருக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் பொறியை, ஆள் ஒல்லியோ பருமனோ அவரவர் எடைக்குத் தக்கதாகச் செய்திருக்கிறார்கள். முள் வைத்த பழைய கருவிகளைக் கழற்றிவிட்டு ஒளித்திரை பூட்டியிருக்கிறார்கள். தரையில் வந்து மோதும்போது முதுகு முறியாமல் மெதுவாக இறங்க வழி செய்திருக்கிறார்கள். முன்பு உயரமென்றும் குள்ளமென்றும் ஒதுக்கப்பட்டவர்கள் பலர் இனி இதில் போகலாம்.

ஏன் திருத்தினார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. பழைய நிலையம் போய், பல நாடுகள் சேர்ந்து கட்டும் புது நிலையம் வந்துவிட்டது. அதற்கு எல்லா நாட்டு ஆட்களும் போய்வர வேண்டும். ஆள் வேண்டுமென்று வந்ததும் கப்பல் மாறிவிட்டது! அத்தனை வருஷம் முடியாது முடியாது என்றது, தேவை வந்ததும் முடிந்துவிட்டது. நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, அம்மா பறித்துக்கொண்டிருந்த மலைக்கே ஏறிப்போனேன். கங்காணி முறைத்தார். நான் நிரைக்கு நடுவில் நின்று சத்தமாக வாசித்தேன். பக்கத்து நிரைப் பெண்களும் கையை நிறுத்தாமல் கேட்டார்கள். அம்மா இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு, நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"அப்ப கப்பலுக்கும் கவ்வாத்துப் பண்ணிட்டாங்கன்னு சொல்லு," என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை சரி அது. மரத்தை எங்கள் இடுப்புக்கு வெட்டி வைத்திருப்பது எங்கள் மேலிருந்த அன்பினாலா? கொழுந்து வேண்டும், அதைப் பறிக்க நாங்கள் வேண்டும், அதனால் மலை முழுக்க இருக்கிற மரம் குனிந்துகொண்டது. எங்களைத் தேவைப்படுகிற இடத்தில் மட்டும் உலகம் எங்கள் உயரத்துக்கு இறங்கி வருகிறது.

அன்று சாயங்காலம் இன்னொன்றையும் சொன்னேன். கப்பலை ஓட்டும் தலைவர் வாரால் கட்டப்பட்டு மல்லாந்து கிடப்பதால், முன்னால் இருக்கும் பொத்தான்கள் அவர் கைக்கு எட்டாது. அதற்காகக் கையில் ஒரு குச்சி வைத்திருக்கிறார், அதைக்கொண்டுதான் அழுத்துவார். இதை நான் வேறொரு பத்திரிகையில் படித்திருந்தேன். அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் சிரித்தாள் பாருங்கள், புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, நான் முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டியும் கடைசியில் நம் மட்டக்குச்சியிடம்தானா வந்தார்கள் என்றாள். அதற்குப் பிறகு லயத்தில் எதுவும் எட்டவில்லையென்றால் 'ரஷ்யாக்காரன் குச்சியை எடு' என்பது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

நேர்முகப் பரீட்சை பதுளையில். அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையோடு வந்தாள். அவளை வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சிங்களப் பெரிய தாதி அம்மா, ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்த கிளார்க், இன்னொரு பக்கம் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், தலை நரைத்தவர். கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். இரத்த ஓட்டம் பற்றிக் கேட்டபோது டொக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சுவரோரம் அளவுகோலில் நிற்கச் சொன்னார்கள். கிளார்க் எழுந்து வந்து என் கொண்டையை அழுத்தி, பலகையை இறக்கிப் பார்த்தார். நாலடி ஏழரை.

இருக்காது என்றேன். மறுபடி நின்றேன். அதே ஏழரை. கொண்டையை அவிழ்த்துப்போட்டு, செருப்பில்லாத காலைச் சுவரோடு ஒட்டி இன்னொரு தடவை நின்றேன். ஏழரை அசையவில்லை. பெரிய தாதி அம்மா சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். டொக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மற்றதெல்லாம் நல்லது, ஆனால் உயரம் காணாது, சட்டம் அப்படி, தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று இரக்கத்தோடுதான் சொன்னார்.

மரியாதையாக எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. எதற்கு உயரம் என்று கேட்டேன். கட்டில் உயரம், மருந்துப் போத்தல் தொங்கும் கம்பி உயரம், நோயாளியைத் திருப்பிப் போட வேண்டும் என்றார். ஒரு பலகை போடுங்கள், ஏறி நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, தாதி அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டது. கொழுந்து வேண்டும் என்றதும் மரத்தையே எங்கள் உயரத்துக்கு வெட்டத் தெரிகிறதே, கட்டிலின் காலை வெட்டத் தெரியாதா என்று கேட்டேன். ஆகாயத்துக்குப் போகிற கப்பலையே குள்ளமான ஆட்களுக்கென்று இப்போது திருத்தியிருக்கிறார்கள், அதைவிடவா உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் பெரிது என்றும் கேட்டேன். என் குரல் அந்த அறைக்கு அதிகம்தான். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

டொக்டரின் முகம் மாறியது. கோபப்படவில்லை, ஆர்வம் வந்துவிட்டது. சோயுஸைச் சொல்கிறாயா என்று கேட்டார். அவரும் என்னைப் போல அந்தச் செய்தியின் பின்னால் அலைகிறவர் போல. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து, ஒளித்திரை பூட்டியதையும் இருக்கையை மாற்றியதையும் என்னோடு சேர்ந்து சொன்னார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அவர் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆனா பிள்ளை, அந்தப் புதுக் கப்பலுக்கும் நாலடி பதினொரு அங்குலம் வேணும். அதுக்கும் உம்மட உயரம் காணாது."

நான் படித்த செய்தியில் அந்தக் கணக்கு இல்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் என்னுடையது என்று கொண்டாடிய கப்பலின் வாசலிலும் எனக்கு முன்னால் ஒரு கோல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் நினைத்துக்கொண்டிருந்த நாலடி பத்தரைக்குக்கூட அங்கே இடமில்லை. அழுதால் அரை டிக்கட் ஆகிவிடுவேன் என்று பயந்து, வாயைத் திறந்தேன்.

"அப்படின்னா அவங்க இன்னும் வேலைய முடிக்கலங்க சேர்."

டொக்டர் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று தாதி அம்மா கேட்டதற்கு, அதைச் சிங்களத்தில் சொல்லவும் இல்லை. கிளார்க் அடுத்தவளின் பேரைக் கூப்பிட்டார். நான் சான்றிதழ்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா மரத்தடியிலிருந்து எழுந்து உள்ளே போகக் கிளம்பினாள். அவர்கள் கோல் பொய், என் குச்சி ஐந்தடி, கங்காணி வெட்டிக் கொடுத்தது என்று வழியெல்லாம் சொன்னாள். பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினேன். பஸ்ஸிலும் சொன்னாள், பசறை தாண்டியும் சொன்னாள். லுணுகலையில் இறங்கி மேட்டில் ஏறும்போது திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. காம்பராவுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் பொருத்தாமல் குச்சியை உருவி, அதன் அடிமுனையைக் கையால் தடவினாள். அங்கே கத்தி பட்ட சரிவு, தேய்ந்து வழவழவென்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் குச்சி அவளுக்கு நீளமாக இருந்திருக்கிறது. திரும்பும்போதெல்லாம் செடியின் வாதுகளில் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் மலையிலேயே வைத்து நாலு விரல் அளவுக்கு வெட்டி எறிந்திருக்கிறாள். பிறகு அதை அடியோடு மறந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். காணாமல்போன மூன்று அங்குலத்துக்காக நான் மேசைக்கு முன்னால் கொண்டையை அவிழ்த்துப்போட்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. உன் குச்சியால் நான் அங்கே அசிங்கப்பட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா குச்சியைக் கீழே போடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர, குரல் உடையவில்லை.

"எங்கைக்கு அது நீட்டமா இருந்துச்சு, வெட்டுனேன். அதுல என்ன தப்பு?"

என்ன தப்பு? ரஷ்யாக்காரர்கள் இத்தனை வருஷம் கழித்துச் செய்ததை அவள் மலையில் நின்று ஒரு கத்தியால் அப்போதே செய்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அவள் தேநீர் போட்டாள், குடித்தேன்.

கங்காணி அடுத்த வாரமே வந்துவிட்டார். இந்தத் தடவை அம்மா பேசுமுன் நானே, பேர் போட வேண்டாம் என்று சொன்னேன். நர்ஸ் வேலைதான் இல்லையென்றாகிவிட்டதே, பிறகென்ன என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் பிறகென்ன என்று தெரியாது. ஆனால் தெரியாது என்பதற்காகப் பேர் கொடுக்க முடியுமா? லயத்துப் பிள்ளைகளுக்கு இஸ்தோப்பில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள் என்று அக்கம்பக்கம் பேசியது. அம்மா இருவருக்குமாக மலை ஏறினாள். அவளுக்குத் தலைசீவிவிடும் வேலை எனக்கு அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவை சீவும்போதும் எனக்கு உள்ளே அறுத்தது. அவள் மட்டும் ஒரு நாளும், போய்ப் பேரைக் கொடு என்று சொல்லவில்லை.

சில வருஷம் கழித்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை எடுத்தார்கள். அதற்கு உயரம் கேட்கவில்லை. எழுதினேன், கிடைத்தது. எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதிபர் அப்புத்தளைக்காரர், நல்ல மனிதர், நெடுநெடுவென்று ஆள். முதல் நாள் வகுப்புக்குள் போய்ப் பார்த்தால், கரும்பலகை அவர் உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறது. பாதிக்கு மேல் எனக்கு எட்டவில்லை. பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிபர் ஓடிவந்து, ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, இதில் ஏறி எழுதுங்கள் டீச்சர் என்றார்.

அன்று பதுளையில் பலகை போடுங்கள், ஏறி நின்றுகொள்கிறேன் என்று கேட்டவள் நான்தான். அப்படிக் கேட்டது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. பெஞ்ச் வேண்டாம், கரும்பலகையை இறக்கலாம் என்றேன். அதிபர் திகைத்துப்போனார். இந்தப் பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது என்றார். கணக்குப் போட எழும்பி வரும் பிள்ளைகள் எல்லாம் அடியோரத்தில் எக்கி எழுதுகிறார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நானும் வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, ரஷ்யாக்காரன் குச்சியைக் கொண்டுபோய் எட்டாத இடத்தைக் காட்டு என்று கிண்டல் செய்தாள். குச்சி எட்டாத ஆளுக்குத்தான், நான் கப்பலையே திருத்தப்போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவளும் கிளம்பிவிட்டாள். கையில் இறவாணத்திலிருந்து உருவிய அதே மட்டக்குச்சி. அது எதற்கு என்று நான் கேட்பதற்குள் முன்னால் நடந்தாள்.

அதிபர் சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார். அவரும் நானும் கரும்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். எவ்வளவு இறக்குவது என்ற பேச்சு வந்தது. அம்மா என்னைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னாள். குச்சியைத் தரையில் ஊன்றி நிமிர்த்தினாள். பலகையின் மேல் ஓரத்துக்கென்று அதன் நுனிக்கு மேலே ஒரு சாண் வைத்து, அந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டாள். அதிபர் குச்சியைப் பார்த்தார். அடிமுனை வெட்டியிருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. இது ஐந்தடி இல்லையே அம்மா, ஒரு நிமிஷம் இருங்கள், அலுமாரியில் நாடா இருக்கிறது, சரியான அளவு எடுத்துவிடலாம் என்றார்.

"வேணாங்க சேர்," என்றாள் அம்மா, விரலை எடுக்காமல். "இதுதாங்க எங்க அளவு."

அதிபர் நாடாவை எடுக்கப் போகவில்லை. அம்மாவின் விரல் இருந்த இடத்தில் நான் ஆணியை வைத்தேன், அவர் அடித்தார்.